சேலத்தில் லூஸ் கஞ்சி மாவு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

துண்டுத் துணி இணைத்து குயில்ட் தைக்கிறவர்களும், காட்டன் சேலைக்கு வீட்டிலேயே கஞ்சி போடுகிறவர்களும் தயவுசெய்து படியுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் "சுத்தமான மரவள்ளி ஸ்டார்ச்" என்று சொல்லி எனக்கு விற்ற மாவில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருந்தது.

அஸ்தம்பட்டியில் ஒரு அக்கா, காலமான தன் அம்மாவின் சுங்குடிச் சேலைகளைக் கொடுத்து, பேரக்குழந்தைக்கு விரிப்பு தைத்துத் தரச் சொல்லியிருந்தார். துவைத்துத் துவைத்துத் தொளதொளத்துப் போன துணி. அதை முக்கோணமாக வெட்டினால் ஒரு பக்கமாவது கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வரும், அந்த ஓரம் கை பட்டாலே இழுபடும். அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே கெட்டியாகக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிக்கொள்கிறோம்.

இந்த மாவில் போட்ட துணியும் காய்ந்ததும் மொரமொரவென்றுதான் இருந்தது. மெஷினில் ஓட்ட ஓட்ட வெள்ளைத் தூளாக உதிர்ந்து, விறைப்பு போய்விட்டது. ஓரங்கள் இழுபட்டு, முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த நட்சத்திர டிசைனின் முனைகள் எங்கேயும் ஒன்று சேரவில்லை. அரக்குத் துணியில் படிந்த வெள்ளைத் திட்டை அலசிவிடலாம். இழுபட்ட துணியை என்ன செய்ய முடியும்? அந்தச் சேலை இனி எந்தக் கடையிலும் கிடைக்காது.

கடையில் போய்க் கேட்டதற்கு, "கஞ்சி மாவுன்னா அப்படித்தான்க்கா இருக்கும், நீங்க அதிகமா போட்டிருப்பீங்க" என்றார்கள். பணமும் தரவில்லை, வேறு மாவும் தரவில்லை. சுற்றிலும் மரவள்ளி ஆலைகள், 1981லிருந்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், 2023ல் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு. இப்பேர்ப்பட்ட ஊரிலேயே ஸ்டார்ச்சில் கலப்படம் என்றால் வயிறு எரிகிறது.

துணியில் போடுவதற்கு முன் மாவைச் சோதித்துவிடுங்கள். ஒரு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டிக் காய்ச்சுங்கள். நல்ல மரவள்ளி ஸ்டார்ச் கண்ணாடி மாதிரி தெளிந்து கொழகொழவென்று வரும். கலப்பட மாவு பால் நிறத்திலேயே நிற்கும், நிறையத் தண்ணீர் விட்டு ஆறவைத்தால் அடியில் வண்டல் தங்கும். காய்ந்த மாவில் வினிகர் விட்டுப் பாருங்கள், சுண்ணாம்புக்கல் இருந்தால் நுரைத்துப் பொங்கும். எனக்குப் பொங்கியது. அயோடின் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். பாதிதான் ஸ்டார்ச் என்றாலும் அது நீலமாகத்தான் மாறும்.

அவசரமென்றால் நல்ல ஜவ்வரிசியை ஊறவைத்துக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். அதுவும் மரவள்ளிதான்.

பில் கேட்டு வாங்குங்கள். லூஸ் மாவுக்குப் பில் கிடையாது என்று சொல்கிற கடையில் வாங்கவே வேண்டாம், எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பில் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யும்போது காட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.