பச்சிளங்குழந்தைக்குக் கோழை அடைத்தால்: ஒருக்களிப்பதா, பம்பா, சலைனா?

பிறந்த முதல் ஓரிரு நாளில் குழந்தை ஓங்கரித்துக் கோழை கக்குவது வழக்கம்தான். பனிக்குட நீரின் மிச்சம் அது. சிசேரியன் குழந்தையிடம் சற்றுக் கூடுதலாக இருக்கும். முதலில் காதைக் கொடுங்கள். சத்தம் வந்தால், முகம் சிவந்தால், இருமினால் காற்று போய்வருகிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் உதடு நீலமானால் அது அடைப்பு. கீழே சொல்லும் கருவி எதற்கும் அங்கே வேலையில்லை; கடைசியில் சொல்லும் முதலுதவிதான்.

தொண்டைக் கோழைக்கு எங்கள் ஓட்டு ஒருக்களிப்பதற்கே. பக்கவாட்டில் திருப்பி, தலையைச் சற்றே தாழ்த்திப் பிடித்தால் கோழை கன்னத்துப் பக்கம் வழிந்துவிடும். மெல்லிய துணியால் வாயோரம் துடைத்தால் போதும். செலவில்லை, புண்ணும் ஆகாது. ஆனால் தூங்க வைப்பது மல்லாந்துதான்.

சளியை உறிஞ்சும் ரப்பர் பம்பு வேகமானது, ஆனால் தப்பாகப் பிடிக்க எளிது. வெளியிலேயே அமுக்கிக்கொண்டு, பிறகு நுனியை வைத்து, மெதுவாக விட வேண்டும்; உள்ளே வைத்து அமுக்கினால் சளி பின்னால் தள்ளப்படும். முதலில் வாய், பிறகு மூக்கு. மூக்கைத் தொட்டதும் குழந்தை வெடுக்கென மூச்சிழுக்கும், வாயில் இருப்பது உள்ளே போய்விடும். வாயிலும் கன்னத்துப் பை வரைதான். தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் இதயத் துடிப்பு குறையலாம். தானாக நன்றாக மூச்சுவிடும் குழந்தைக்கு வழக்கமாக உறிஞ்சி எடுக்க வேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அடிக்கடி உறிஞ்சினால் மூக்கின் உள்தோல் வீங்கி அடைப்பு கூடும். பழைய பம்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை இருக்கக்கூடும்.

பெற்றோர் வாயால் உறிஞ்சும் வடிகட்டி வைத்த குழாய் இதைவிட மேல்: பிரித்துக் கழுவலாம், இழுக்கும் வேகமும் நம் கையில். ஆனால் அது மூக்குக்கு மட்டும்.

காய்ந்த மூக்குச் சளிக்கு சலைனே (மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு) முதலில். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துவாரத்திலும் 1–2 சொட்டு. ஒரு நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் தும்மலிலேயே வந்துவிடும். மருந்துக்கடையில் ‘மூக்குச் சொட்டு’ என்று மட்டும் கேட்காதீர்கள். மூக்கடைப்பு மருந்தான சைலோமெட்டாசோலின் கொடுத்துவிட்டால் பச்சிளங்குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரலாம்.

பாட்டி வைத்தியத்தில் மூக்கில் எண்ணெய் விடுவதும், விரல்விட்டுத் தொண்டைக் கோழை எடுப்பதும் போட்டிக்கே வரக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா; விரல் அடைப்பை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும்.

அழுகையும் இருமலும் நின்றுவிட்டால்: முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். அடைப்பு விடும்வரை மாறிமாறி. வயிற்றை அழுத்தவே கூடாது. இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். குழந்தை துவண்டுவிட்டால் 30 மார்பழுத்தம், பிறகு வாயால் 2 முறை மூச்சு ஊதுவது என மாறிமாறி.

நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, விலா உள்வாங்கல், முனகல், பச்சை வாந்தி என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். வாயில் ஓயாமல் நுரை தள்ளி, ஒவ்வொரு முறை பாலுக்கும் புரையேறி நீலமாகும் குழந்தைக்கு உணவுக்குழாயே பிறவியில் மூடியிருக்கக்கூடும். பாலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.