ஈ-நம் பதிவாளர் தேர்வுக்கு ஃப்ரெட்டில் பயிற்சி எடுக்கலாமா? எதில் கைகொடுக்கும், எதில் கைவிரிக்கும்

தொலைபேசி எண்ணை இணைய டொமைன் பெயராக்கி, அழைப்புக்கு வழிகாட்டும் ஏற்பாடுதான் ஈ-நம். அதில் எண்ணை டொமைனாகப் பதிந்து தரும் பதிவாளர் ஆக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டினால் போதாது. உங்கள் மென்பொருள், டொமைன் பட்டியலை வைத்து நடத்தும் பதிவகத்தின் சர்வரோடு ஒழுங்காகப் பேசுகிறது என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் தொழில்நுட்ப அங்கீகாரத் தேர்வு. பதிவகத்தின் சோதனைச் சர்வரில் முதல் தடவையாகத் தப்புச் செய்வதைவிட, சொந்த மெஷினில் நூறு தடவை செய்து திருத்திக்கொள்வது நல்லது. அப்படிப் பழகுவதற்கு இலவசமாகக் கிடைப்பதில் ஃப்ரெட் முக்கியமானது. ‘ஈ-நம்முக்கும் டொமைன்களுக்குமான கட்டற்ற பதிவகம்’ என்பதன் சுருக்கம்தான் இந்தப் பெயர். செக் நாட்டின் பதிவகமான சிஇசட்.நிக் எழுதியது. டாட் சிஇசட் டொமைன்களுக்காகவும் +420 எண்களுக்காகவும் உருவான மென்பொருள் இது; கோஸ்டா ரிகா, டான்சானியா பதிவகங்களும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எண் கேட்பவருக்கே ஒதுக்கப்பட்டதுதானா என்று பார்க்கும் எண் சரிபார்ப்பைப் பழக இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. எண்ணுக்கு வரும் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் என்ஏபிடிஆர் பதிவுகளைப் பழக இது உதவவே உதவாது. இதற்காக எழுதிய கிளையன்ட்டை வேறொரு பதிவகத்தில் அப்படியே மாட்டலாம் என்று நினைத்தால் முதல் கட்டளையிலேயே அடி விழும்.

புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படை: +420 123 456 789 என்ற கற்பனை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறியையும் இடைவெளிகளையும் நீக்கி, இலக்கங்களைத் தலைகீழாக்கி, இடையில் புள்ளி வைத்தால் 9.8.7.6.5.4.3.2.1.0.2.4.ஈ164.ஆர்பா என்ற டொமைன் கிடைக்கும். ஈ.164 என்ற சர்வதேச எண் வடிவத்தில் ஓர் எண் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். மேல்மட்ட மண்டலமான ஈ164.ஆர்பாவை, ஐரோப்பாவின் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி நடத்துகிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு நாட்டுக் குறியீடும் அந்தந்த நாடு தீர்மானிக்கும் அமைப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. இப்போதைய தரநிலை 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6116.

நிறுவுவது சுலபம் என்று சொல்ல மாட்டோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், கோர்பா பெயர்ச் சேவை, பின்னால் ஓடும் பல டீமன்கள், முன்னால் அப்பாச்சியில் ஈபிபி (பதிவாளரும் பதிவகமும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) தொகுதி என்று பாகங்கள் நிறைய. கோர்பா பெயர்ச் சேவை முதலில் எழ வேண்டும். மற்ற டீமன்கள் அதில் தங்களைப் பதிந்துகொண்ட பிறகுதான் அப்பாச்சியால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியும். மெஷினை ரீபூட் செய்தபின் ஈபிபி இணைப்பு கிடைத்தும் எல்லாக் கட்டளையும் தோற்றால், சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் இந்த வரிசைதான். மண்டலத்தைச் சேர்க்கும்போது அது ஈ-நம் மண்டலம் என்ற குறியைக் கொடுக்க மறக்காதீர்கள். அதிகபட்சப் புள்ளி எண்ணிக்கையையும் உயர்த்த வேண்டும். சாதாரண டொமைனுக்கு 1 போதும். ஒன்பது இலக்க உள்நாட்டு எண்ணுக்கு 9 வேண்டும். விட்டுவிட்டால் எந்த எண்ணைப் பதிந்தாலும் பெயர் தவறு என்ற பதில்தான் வரும்.

இணைப்பு அடுக்கு தரநிலைப்படியே இருக்கிறது. போர்ட் 700, டிஎல்எஸ். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நான்கு பைட் நீளம் போக வேண்டும். அந்த நீளத்தில் அந்த நான்கு பைட்டும் அடக்கம். 300 பைட் எக்ஸ்எம்எல் அனுப்பினால் தலைப்பில் 304 இருக்க வேண்டும். 300 என்று எழுதினால் சர்வர் கடைசி நான்கு எழுத்தை விட்டுவிட்டுப் படிக்கும், மூடும் டேக் உடையும், 2001 தொடரியல் பிழை வரும். எக்ஸ்எம்எல்லை மணிக்கணக்காக முறைத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு குற்றமும் இருக்காது. எழுத்துக்களை எண்ணாமல் பைட்டுகளை எண்ண வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்பாளர் பெயரில் ஆங்கிலம் அல்லாத ஓர் எழுத்து வந்தாலும் யுடிஎஃப்-8இல் இரண்டு எண்ணிக்கையும் வேறாகிவிடும்.

உள்நுழைய பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் போதாது, கிளையன்ட் சான்றிதழின் கைரேகையையும் (அதிலிருந்து கணக்கிட்ட அடையாளச் சரம்) பதிவாளர் கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும். சான்றிதழைப் புதுப்பித்தால் கைரேகை மாறிவிடும். பழையது முடியும் முன்பே புதியதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கடைசி நாளில் ஓடினால் சேவை நிற்கும்.

இனி ஈ-நம்மின் உயிர்நாடிக்கு வருவோம். சாதாரண டொமைனில் பணம் கட்டியவர் உரிமையாளர். ஈ-நம்மில் அப்படி இல்லை. அந்தத் தொலைபேசி எண் யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவருக்கு மட்டுமே டொமைன் உரிமை. எண் கைமாறினால் உரிமையும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு வரும் அழைப்பை இன்னொருவர் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். அதனால்தான் பதிவுக்காலம் வேறு, சரிபார்ப்புக்காலம் வேறு என்று இரண்டு கடிகாரம் ஓடுகிறது. இதைச் சரியாகக் கையாளாத பதிவாளருக்கு அங்கீகாரம் தரவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஃப்ரெட் இதை அழகாகச் செய்கிறது. டொமைனை உருவாக்கும் கட்டளையோடு, சரிபார்ப்பு எந்தத் தேதி வரை செல்லும் என்பதை ஒரு நீட்சியில் அனுப்ப வேண்டும். அந்தத் தேதி அதிகபட்சம் ஆறு மாதம். இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது மாதக் கடைசி: ஆகஸ்ட் 31-இல் சரிபார்த்தால் ஆறு மாதம் கழித்து பிப்ரவரி 31 வரும், அப்படி ஒரு நாள் கிடையாது. சில தேதி நூலகங்கள் அதை மார்ச் 3-க்குத் தள்ளிவிடும், அது வரம்பைத் தாண்டுவதால் நிராகரிக்கப்படும். பிப்ரவரி கடைசி நாளுக்கு இழுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

இரண்டாவது தொடர்ச்சிச் சலுகை. இயல்பான அமைப்பில், சரிபார்ப்பு முடிய 14 நாளுக்குள் மறுசரிபார்ப்பு செய்தால் புதிய ஆறு மாதத்தைப் பழைய முடிவுத் தேதியிலிருந்து எண்ணலாம். மே 20-இல் முடிகிற எண்ணுக்கு மே 10-இல் வந்து நவம்பர் 20 என்று கொடுத்தால் ஏற்கும். மே 1-இலேயே வந்து அதே நவம்பர் 20-ஐக் கொடுத்தால் மறுக்கும். அன்றைக்கு நவம்பர் 1 வரைதான் போகலாம். சீக்கிரம் வேலையை முடிக்கும் சுறுசுறுப்பான நிரல்தான் இதில் மாட்டும்.

முடிவுக்கு 30 நாள் இருக்கும்போது ஒன்று, 15 நாள் இருக்கும்போது ஒன்று என்று இரண்டு எச்சரிக்கை நிலை இயல்பாகவே உண்டு. தேதி கடந்தால் டொமைனுக்குச் சரிபார்க்கப்படாதது என்ற நிலை ஏறி, அது மண்டலத்திலிருந்து வெளியேறும். பதிவுக்காலம் இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்தாலும் டிஎன்எஸ்ஸில் எண் இருக்காது. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். சில நாளில் முடியும் தேதி கொடுத்து ஒரு டொமைனை உருவாக்குங்கள், தினசரி நடைமுறைக் கட்டளையை ஓட்டுங்கள், பதிவகம் பதிவாளருக்கு விட்டுவைக்கும் செய்திகள் நிற்கும் போல் வரிசையில் என்ன செய்தி வருகிறது என்று பாருங்கள். தினசரி நடைமுறையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போடாமல் விட்டுவிட்டு, நிலை மாறவே இல்லையே, மென்பொருளில் பிழை என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு. அது தானாக ஓடாது.

போல் செய்திகளைப் படித்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் அடையாள எண்ணையும் சொல்லி ஒப்புகை அனுப்ப வேண்டும். 1301 வந்தால் செய்தி காத்திருக்கிறது, 1300 வந்தால் வரிசை காலி. ஒப்புகை அனுப்பாத நிரல் முதல் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கும் காலாவதி எச்சரிக்கை அதன் கண்ணில் படவே படாது.

எண் தொகுதிகளை ஃப்ரெட் கையாளும் விதமும் பாராட்டத்தக்கது. ஒரு நிறுவனம் கடைசி மூன்று இலக்கம் திறந்த தொகுதியை ஒரே டொமைனாகப் பதிந்திருந்தால், அதற்குள் வரும் தனி எண்ணை இன்னொருவர் பதிய முடியாது. உள்ளே தனி எண் இருக்கும்போது மேலே தொகுதியையும் பதிய முடியாது. இரண்டு திசையையும் உங்கள் தேர்வுப் பட்டியலில் சேருங்கள். பெயர் முழுக்கப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும் நிரல் வாடிக்கையாளரிடம் ‘எண் காலியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் பிறகு விழிக்கும்.

குறைகளில் பெரியது அதன் தனி எக்ஸ்எம்எல் நடை. சரிபார்ப்புத் தகவலுக்கு 2007-இல் வந்த ஆர்எஃப்சி 5076 இருக்கிறது. ஃப்ரெட் அதைப் பின்பற்றாமல் தன் சொந்த நீட்சியை வைத்திருக்கிறது. தரநிலையில் பெயர்ச் சர்வர்கள் தனி ஹோஸ்ட் பொருளாகவோ டொமைனுக்குள்ளேயோ வரும். இங்கே என்எஸ்செட் என்று ஒரு தொகுப்பை முதலில் உருவாக்கி, அதன் பெயரை டொமைனில் சொல்ல வேண்டும். டிஎன்எஸ் பதில்களைக் கையொப்பத்தால் பாதுகாக்கும் டிஎன்எஸ்செக்கின் சாவிகளுக்கும் கீசெட் என்று தனித் தொகுப்பு. நிர்வகிக்க வசதியான ஏற்பாடுதான். நூறு எண்களின் பெயர்ச் சர்வரை ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். ஆனால் வேறு பதிவகத்தில் இது செல்லாது. ஆகவே கிளையன்ட்டை இரண்டு அடுக்காக எழுதுங்கள்: தேதிக் கணக்கு, வரிசை, மறுமுயற்சி எல்லாம் ஓர் அடுக்கில், எக்ஸ்எம்எல் கோர்ப்பது மட்டும் தனியாக. பதிவகம் மாறினால் இரண்டாவதை மட்டும் மாற்றலாம்.

டொமைன் ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவரிடம் போகும் பெயர்வு விஷயத்திலும் இதே கதைதான். அனுமதிச் சொல் சரியாக இருந்தால் ஃப்ரெட்டில் டொமைன் அந்தக் கணமே கைமாறிவிடும். தரநிலைப்படி நடக்கும் பதிவகத்தில் 1001 என்று ‘நிலுவை’ பதில் வரலாம். பழைய பதிவாளர் ஏற்கவோ மறுக்கவோ வழி இருக்கும். ஃப்ரெட்டில் மட்டும் பழகிய நிரல் 1001-ஐப் பிழை என்று நினைத்து மறுபடி கட்டளை அனுப்பும்.

என்ஏபிடிஆர் இங்கே கிடையாது என்று சொன்னோம். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4114, அந்தப் பதிவுகளைப் பதிவகத்திடமே ஈபிபி வழியாகக் கொடுக்க வழி செய்கிறது. ஃப்ரெட்டோ பெயர்ச் சர்வருக்கு ஒப்படைப்பதோடு நின்றுவிடுகிறது; மீதி உங்கள் சர்வரில். ஆகவே இதைத் தனியாகப் பழகுங்கள். கவனிக்க வேண்டியவை சில. 2000-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2916-இல் இணைய அழைப்புக்கான (சிப்) சேவைப் புலம் ‘சிப்+ஈ2யு’ என்று இருந்தது. 2004-இல் ஆர்எஃப்சி 3761 அதை ‘ஈ2யு+சிப்’ என்று திருப்பிப் போட்டது. பழைய எடுத்துக்காட்டைப் பார்த்து நகலெடுத்தால் எந்த போனும் அதைக் கண்டுகொள்ளாது. எண்ணை முகவரியாக மாற்றும் வடிவக்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) தலைகீழ் டொமைனின் மீது ஓடாது. கூட்டல் குறியோடு கூடிய நேர் எண்ணின் மீது ஓடும். கோவை நிரம்பியிருந்தால் மாற்றுப்பெயர்ப் புலத்தில் வெறும் புள்ளி மட்டுமே இருக்க வேண்டும். மண்டலக் கோப்பில் எழுதும்போது பின்சாய்வுக்கோட்டை இரட்டிக்க வேண்டும். ஒற்றையாக விட்டால் டிஎன்எஸ் சர்வர் அதை விழுங்கிவிடும்; எண்ணின் பகுதியை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் வெறும் 1 என்ற இலக்கம் வந்து உட்காரும். ஈபிபி எக்ஸ்எம்எல்லில் அனுப்பும்போது இரட்டிக்கக் கூடாது. ஒரே சரத்தை இரண்டு இடத்திலும் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டில் ஒன்று கட்டாயம் கெடும்.

ஆர்எஃப்சி 5105 சொல்லும் கையொப்பமிட்ட சரிபார்ப்பு டோக்கனுக்கும் இங்கே இடமில்லை. பதிவாளர் ஒரு தேதியைச் சொன்னால் ஃப்ரெட் நம்பிக்கொள்ளும். நீங்கள் சேரவிருக்கும் பதிவகம் டோக்கன் கேட்டால், அதில் எண், சரிபார்ப்பு அமைப்பின் அடையாளம், பதிவாளர் அடையாளம், முறை, செய்த நாள், முடியும் நாள் இவையெல்லாம் இருக்கும். கையொப்பம் எக்ஸ்எம்எல் கையொப்பம். கையொப்பமிட்ட பிறகு அழகுக்காக வரிகளை உள்தள்ளி அச்சிடும் நூலகம் எதையும் அதன் பக்கம் விடாதீர்கள். ஓர் இடைவெளி கூடினாலும் கையொப்பம் செல்லாது.

கூடவே வரும் கட்டளைவரிக் கிளையன்ட்டைத் தனியாகப் பாராட்ட வேண்டும். அனுப்பிய எக்ஸ்எம்எல்லையும் வந்த பதிலையும் அப்படியே திரையில் காட்டச் சொல்லலாம். உங்கள் நிரல் அனுப்புவதையும் அது அனுப்புவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்வெளியில் ஒரு பதிப்பு எண் மாறியிருப்பதுகூட அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும்.