கையால் அரைக்கும் காபி அரவைகள்: டிகாஷனுக்கு எது பொருந்தும்?

காபிக் கொட்டையை வாங்கி வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கையால் அரைத்துக்கொள்ள நினைப்பவர்கள், விலையைப் பார்ப்பதற்கு முன் தூள் எவ்வளவு சீராக விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஃபில்டரில் மாவு போன்ற நுண்தூள் மிகுந்தால் அது துளைகளை அடைத்துக்கொண்டு டிகாஷனை இறங்கவிடாது. குருணையாக நின்றுவிடும் தூளோ சாரத்தை முழுவதும் விடாமல் டிகாஷனை நீர்க்கச் செய்துவிடும். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால் இந்த இரண்டு குறைகளும் ஒருசேர வந்து சேர்கின்றன. விரலிடுக்கில் தேய்த்தால் ரவையைவிட நைசாகவும், மைதாவைப் போல ஒட்டாமலும் இருக்கும் தூளே நமக்கு வேண்டியது.

ஹரியோ மினி மில் ஸ்லிம் போன்ற செராமிக் பற்கள் கொண்ட அரவைகள் விலை குறைந்தவை; பற்களைக் கழற்றித் தண்ணீரில் கழுவலாம், துருப்பிடிக்கும் என்ற கவலை இல்லை. ஆனால் நடுத்தண்டு கீழ்ப்பகுதியில் உறுதியாகப் பிடிக்கப்படாததால் பல் ஆடுகிறது. தூளை வெந்நீரில் ஊறவைத்து, வலையை அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்காகக் கொரகொரப்பாக அரைக்கும்போது இந்த ஆட்டம் நன்றாகவே தெரியும். டிகாஷன் பதத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரைத்து முடிக்க நேரம் பிடிப்பதால், அங்கே சோதிக்கப்படுவது நம் பொறுமைதான்.

டைம்மோர் சி2, 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுப் பற்களுடன், தண்டை இரண்டு பேரிங்குகள் தாங்கும்படி அமைந்தது. ஒருவருக்கோ இருவருக்கோ காபி போடும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஒரு தடவைக்கு 20 முதல் 25 கிராம் வரை கொள்ளும். நான்கு பேருக்கான ஃபில்டருக்கு 40 கிராம் தேவைப்படும் காலை வேளையில், இரண்டு முறை நிரப்பிச் சுற்ற வேண்டியிருக்கும்.

கிங்கிரைண்டர் கே6, 48 மில்லிமீட்டர் பற்களைக் கொண்டிருப்பதால் சுற்று ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக அரைக்கிறது. பதத்தை மாற்றும் வளையம் வெளியிலேயே இருக்கிறது; க்ளிக் ஒன்றுக்கு 16 மைக்ரான் நகர்வதால், டிகாஷன் தாமதமாக இறங்கினால் மறுநாள் இரண்டு க்ளிக் தளர்த்திப் பார்க்கலாம். சி2வில் இதே வேலைக்குத் தூள் சேரும் டப்பாவைக் கழற்றியாக வேண்டும். ஜெர்மனியின் கமாண்டான்டே சி40 அரவையிலும் அப்படித்தான். ஆனால் அது சுமார் 40 கிராம் கொள்ளும், அதன் தூளின் சீர்மையும் மெச்சத்தக்கது; விலைதான் மற்றவற்றைவிடக் கூடுதல். இளம் வறுவலான லைட் ரோஸ்ட் கொட்டையை அரைத்து, தூளின் மேல் வெந்நீரை மெல்ல ஊற்றி வடிக்கும் ‘போர் ஓவர்’ (pour over) முறையில் போட்டு, பழச்சுவையைத் தேடிக் குடிப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமானது. பாலும் சர்க்கரையும் சேரும் காபியில் அந்த வேறுபாட்டை நாவு பிரித்தறிவது கடினம் என்பதால், குடும்பத்துக்கு டிகாஷன் போடுபவர் கே6-உடன் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

எஃகுப் பற்களைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. உலர்ந்த தூரிகையே போதும். தூள் டப்பாவின் சுவரில் ஒட்டிக்கொண்டால், ஸ்பூன் காம்பை நனைத்து உதறிவிட்டு, அரைப்பதற்கு முன் கொட்டையை அதனால் ஒருமுறை கிளறிவிடலாம். வறுத்த சிக்கரி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் தன்மையுடையது. எந்த அரவையாக இருந்தாலும் அதை உள்ளே போடாமல், அரைத்த காபித் தூளுடன் தனியாகக் கலந்துகொள்ள வேண்டும்.