ஒப்பீட்டு அட்டவணையை நம்பி ஈடிஎஃப் வாங்கிய கதை

புரோக்கர் தரப்பிலிருந்து ஈடிஎஃப் (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) ஒப்பீட்டு அட்டவணை ஏதாவது உங்களுக்கு வந்திருந்தால், ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வந்ததில் மூன்று ஈடிஎஃப். மூன்றும் ஒரே இண்டெக்ஸை (சந்தைக் குறியீட்டை) பின்தொடர்பவை. செலவு விகிதம், அதாவது ஃபண்ட் வருடா வருடம் பிடித்துக்கொள்வது, 0.05, 0.12, 0.20 சதவீதம். பக்கத்திலேயே ஐந்து வருட வருமானம். 0.05 உள்ளது பச்சைக் கட்டத்தில், முதலிடத்தில். "மூணும் ஒரே சரக்குதான் சார், செலவு கம்மியா இருக்கறத எடுங்க" என்றார் ஃபோனில் ஆலோசகர். நானும் தலையாட்டினேன். மறுநாள் சந்தை திறந்த இரண்டாவது நிமிடமே மார்க்கெட் ஆர்டர் போட்டேன், கிடைக்கும் விலைக்கு வாங்கு என்று.

அன்று இண்டெக்ஸ் கால் சதவீதம்கூட நகரவில்லை. ஆனால் இரவு வந்த என்ஏவியை (ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் சொத்தின் மதிப்பை) 100 என்று வைத்துக்கொண்டால், நான் கொடுத்த சராசரி விலை 103.4. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.12-ஐ விட்டு 0.05-க்குப் போனதில் பத்தாயிரத்துக்கு வருடம் 7 மிச்சம். வாங்கிய நிமிடத்தில் போனது 340. அதை மிச்சம் பிடித்தே ஈடுகட்ட 48 வருடத்துக்கு மேல் ஆகும்!

என்ன நடந்தது என்று மறுநாள் ஆர்டர் புத்தகத்தை, அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலை, திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. விற்பவர் பக்கம் முதல் விலையில் 40 யூனிட், அடுத்ததில் 15, அதற்குமேல் சட்டென்று நான்கு சதவீதம் உயரே. முந்தைய நாளும் இதே லட்சணமாகத்தான் இருந்திருக்கும். என் ஆர்டர் படியேறிப் போய் மேலே கிடந்ததையெல்லாம் அள்ளியிருக்கிறது. பெரிய ஈடிஎஃப்களில் மார்க்கெட் மேக்கர்கள் (எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்பவர்கள்) இரண்டு பக்கமும் விலை சொல்லி என்ஏவிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். சின்னதில் அந்த ஆள் அசந்தால் போச்சு. திறந்த முதல் நிமிடங்களில் பெரியவையே தடுமாறும்: 24 ஆகஸ்ட் 2015 காலையில் அமெரிக்கச் சந்தையில் பல ஈடிஎஃப்கள் தாங்கள் வைத்திருந்த பங்குகளின் மதிப்புக்கு வெகு கீழே விற்றன. இதற்கு மேல் வாங்காதே என்று விலை குறித்து லிமிட் ஆர்டர் போட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அட்டவணை என் தப்பில்லை. ஃபண்டின் ஆவணத்தை நிதானமாகப் புரட்டினேன். தொடங்கி ஏழே மாதம்! அப்புறம் ஐந்து வருட வருமானம் எங்கிருந்து வந்தது? அட்டவணைப் படத்தைப் பெரிதாக்கினால் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: தொடக்கத்துக்கு முந்தைய எண்கள் இண்டெக்ஸினுடையவை. இண்டெக்ஸுக்குச் செலவே கிடையாது, அது ஜெயிக்காமல் என்ன செய்யும்? மற்ற இரண்டுக்கும் மட்டும் செலவு போன நிஜ வருமானம். இண்டெக்ஸுக்கும் ஃபண்டுக்கும் வருடா வருடம் எவ்வளவு இடைவெளி விழுந்தது என்கிற டிராக்கிங் டிஃபரன்ஸ், தினசரி வால்யூம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள தூரம், இவற்றுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. எனக்கு 340 வைத்தவை கடைசி இரண்டும்தான்.

கேட்டதற்கு ஆலோசகர் கூசாமல் இன்னொன்றை நீட்டினார். "டபுள் ஈடிஎஃப் ஒண்ணு இருக்கு சார், இண்டெக்ஸ் ஏறினா ரெண்டு மடங்கு, நஷ்டத்த எடுத்துடலாம்." அந்த இரண்டு மடங்கு ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி. இண்டெக்ஸ் 100-லிருந்து 90-க்கு இறங்கி மறுநாள் 100-க்கே திரும்பினாலும், இது அதே 100-லிருந்து 80-க்குப் போய் 97.8-க்குத்தான் வரும். இதைச் சொன்னேன். "நீங்க ரொம்ப யோசிக்கறீங்க சார்" என்றார்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். அட்டவணை தகவலுக்காக மட்டுமே, முடிவு வாடிக்கையாளருடையது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பாதி யூனிட்களை லிமிட் ஆர்டரில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றேன், ஒன்பது நாள் ஆனது. மீதி பாதிக்குப் போட்ட ஆர்டர் இன்றும் அப்படியே நிற்கிறது.