கேட்டலினா 36-ஆ, க்ரீலாக் 37-ஆ: ராத்திரி எங்கே படுப்பீர்கள்?

நடுத்தர அளவில் பழைய பாய்ப்படகு தேடுகிறவர்கள், பட்டியலைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பது உண்டு. ஒன்று கேட்டலினா 36. 1982-இல் வந்தது, இருபது வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்தது, இரண்டாயிரத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்டது. இன்னொன்று பசிபிக் சீகிராஃப்ட் 37. அதை வரைந்தவர் பில் க்ரீலாக், அதனால் பலருக்கும் அது க்ரீலாக் 37. இரண்டும் அமெரிக்கப் படகுகள். நீளத்தில் ஏழு அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் கால் வைத்த உடனே தெரிந்துவிடும், இவை வேறு வேறு வேலைக்குப் பிறந்தவை என்று.

இவற்றை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல. ராத்திரி இரண்டு மணி, படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. காவல் முறை முடிந்து ஈரத்தோடு கீழே இறங்கி வருகிறவர் எங்கே படுப்பார்?

கேட்டலினாவின் படியில் இறங்கினால் ஒரு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 11 அடி 11 அங்குல அகலம், அதையும் பின்பக்கம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால்தான் பின்னால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கும் கட்டில், மேலே நண்பர்கள் சுற்றி உட்காரும் இடம், உள்ளே நல்ல வெளிச்சம் எல்லாம் கிடைக்கிறது. நங்கூரம் போட்டு நிற்கும்போது இதை மிஞ்ச க்ரீலாக்கால் முடியாது. ஆனால் படகு இருபது டிகிரி சாய்ந்ததும் அந்த அகலக் கட்டிலே எதிரியாகிவிடும். உடம்பு உருண்டு தாழ்ந்த பக்கம் போய் முட்டும். முழங்காலை மடித்து, முதுகை எங்காவது அண்டக் கொடுத்துப் படுக்க வேண்டும். நடுக்கூடத்தில் நடக்கும்போதும் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு எட்டித் தாவ வேண்டியிருக்கும்.

க்ரீலாக்கின் அகலம் 10 அடி 10 அங்குலம். பின்பக்கமும் அணியத்தை, அதாவது முன்முனையைப் போலவே கூராக முடிகிறது. உள்ளே வந்தால் முதலில் கொஞ்சம் நெருக்கமாகத்தான் தோன்றும். ஓடும்போது அந்த நெருக்கமே கை கொடுக்கிறது. இடுப்பைச் சாய்க்க எங்கும் ஏதாவது இருக்கும். பக்கவாட்டு இருக்கை ஒன்றில் தடுப்புத் துணியை இழுத்துக் கட்டிவிட்டால், தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி ஆள் அசையாமல் தூங்கலாம்.

இப்போது எண்கள். கேட்டலினாவின் எடை சுமார் 6,120 கிலோ, க்ரீலாக் சுமார் 7,260 கிலோ. படகுக்கு அடியில் துடுப்பு போலத் தண்ணீருக்குள் இறங்கும் பகுதிதான் கீல். அதில் இருக்கும் அடிப்பாரம் கிட்டத்தட்ட சமம், இரண்டிலும் 2,700 கிலோவுக்குச் சற்று மேல். அகலத்தையும் எடையையும் வைத்து, படகு கவிழ்ந்துபோகும் போக்கை மதிப்பிடும் கணக்கு ஒன்று உண்டு. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்த பிறகு நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது அது. இரண்டுக்குக் கீழே இருந்தால் பெருங்கடலுக்குப் பரவாயில்லை என்பார்கள். க்ரீலாக்குக்கு 1.7 வருகிறது. கேட்டலினா சரியாக அந்த இரண்டில் நிற்கிறது. அடிப்பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை, அதனால் இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அலையில் எவ்வளவு மென்மையாக ஆடும் என்பதற்குப் படகு வடிவமைப்பாளர் டெட் புரூவர் போட்ட கணக்கு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அதில் எண் கூடக் கூட ஆட்டம் மென்மை. கேட்டலினாவுக்கு 24, க்ரீலாக்குக்கு 34. வயிறு புரட்டும் கடலில் மூன்றாம் நாள் ஒருவர் சமைக்க எழுந்திருப்பாரா என்பது பெரும்பாலும் இந்தப் பத்தில்தான் இருக்கிறது.

சரி, கேட்டலினா எங்கே ஜெயிக்கிறது? காற்று குறைந்த நாளில். எடை குறைவு, நீரைத் தொடும் நீளமும் அதிகம், 30 அடி 3 அங்குலம். க்ரீலாக்குக்கு அது 27 அடி 9 அங்குலம்தான். மெல்லிய காற்றில் கேட்டலினா நகர ஆரம்பித்த பிறகும் க்ரீலாக் யோசித்துக்கொண்டிருக்கும். துறைமுகத்துக்குள் குறுகலான இடத்தில் திருப்புவதும் எளிது, ஏனென்றால் கீல் முன்பின் நீளத்தில் குட்டை, சுக்கான் தனியாகத் தொங்குகிறது. க்ரீலாக்கின் சுக்கானுக்கு முன்னால் ஒரு தாங்கி உண்டு. மிதக்கும் கட்டை வந்து மோதினால் அது காப்பாற்றும், ஆனால் திருப்புவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். ஆழம் குறைந்த கடலோரங்களில் சுற்றுகிறவர் என்றால், சிறகு வடிவக் கீல் வைத்த கேட்டலினா 4 அடி 5 அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும் என்று நிற்கும்.

அப்புறம், பழைய படகு வாங்கும்போது எங்கே குனிந்து பார்ப்பது? கேட்டலினாவில் கீல் உடம்போடு சேரும் இடத்தின் முன்முனையில் ஒரு வெடிப்புக் கோடு ஓடுவது உண்டு. பார்க்க வாய் மாதிரி இருப்பதால் அதற்குக் 'கேட்டலினா சிரிப்பு' என்றே பெயர். அதைப் பார்த்து உடனே ஓட வேண்டாம். உள்ளே கீல் போல்ட்டுகளைப் பாருங்கள், அடித்தளத்தில் தண்ணீர் தேங்கிய தடம் இருக்கிறதா பாருங்கள், பரிசோதகரிடம் அதையே குறிப்பாகக் கேளுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் உலோகப் பட்டைகள் அதில் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. அந்தத் துளையைச் சுற்றி உள்பக்கத்து மரத்தில் பழுப்பு நிறக் கறை வழிந்திருந்தால் பல வருடமாக நீர் கசிகிறது என்று அர்த்தம். க்ரீலாக்கில் அந்தப் பட்டைகள் உடம்பின் வெளிப்பக்கமே போல்ட் போட்டிருப்பதால் இந்தக் கவலை குறைவு. இரண்டிலும் கம்பிகளின் வயதைக் கேட்காமல் விலை பேசாதீர்கள்.

வருடத்தில் ஓடிக்கொண்டே கழிக்கும் இரவுகள் ஐந்தோ ஆறோதான் என்றால் நான் யோசிக்காமல் கேட்டலினாவைச் சொல்வேன். பெருங்கடலைக் கடக்கும் கனவுக்காகக் க்ரீலாக் வாங்கி, நங்கூரத்தில் நிற்கும் நாளெல்லாம் நெருக்கத்தில் அவதிப்படுவது வீண். ஆனால் இரண்டு பேர் மட்டும் மாறி மாறிக் காவல் பார்த்து வாரக்கணக்கில் போகப் போகிறீர்கள் என்றால், தூங்காத ஒருவர்தான் அந்தப் படகில் இருக்கும் பெரிய ஆபத்து. அதற்குக் க்ரீலாக்தான்.

வெள்ளோட்டத்துக்குப் போகும்போது உரிமையாளரைச் சுக்கான் பிடிக்கச் சொல்லுங்கள். காற்றுக்கு எதிராகப் படகை நன்றாகச் சாய்த்து ஓட்டட்டும். நீங்கள் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கால்மணி நேரம் படுத்துப் பாருங்கள்.