பைக்காரா படகுத்துறை: மாலைக்கு எந்த மாதம் போகலாம்?

பைக்காராவில் அந்தி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. படகுகள் மாலை 5.30 வாக்கிலேயே கரை சேர்ந்துவிடும். நீலகிரியில் நவம்பர் கடைசியில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்னால் மறைகிறது, ஜூனில் 6.45 ஆகிவிடும். அதனால் கோடை சீசனில் கடைசிப் படகில் ஏறினாலும் கிடைப்பது கண் கூசும் வெயில்தான். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வந்தால் 4.45 மணிப் படகிலேயே வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்துவிடும். சுற்றிலும் மரமும் மேடும் இருப்பதால், பஞ்சாங்க நேரத்துக்கு முன்பே சூரியன் அவற்றின் பின்னால் இறங்கிவிடுகிறது.

தண்ணீர்க் கணக்கும் அந்த மாதங்களுக்கே சாதகம். இது மின்சாரத்துக்காகப் பைக்காரா ஆற்றை மறித்துத் தேக்கிய நீர். பைக்காரா மின் நிலையம் 1932-லிருந்து ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும் நீர், மின் உற்பத்திக்கு எடுக்க எடுக்கக் கோடையில் இறங்கும். அப்போது கரையைச் சுற்றிச் செம்மண் பட்டை தெரியும். படங்களில் பார்த்த, கரை மரங்களைத் தொட்டு நிற்கும் நீர் இருக்காது. ஏப்ரலில் போய்விட்டு 'இவ்வளவுதானா' என்று திரும்புகிறவர்களின் ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் காற்றும் மழையும் கடுமையாக இருக்கும், எதிர்க்கரையே தெரியாத நாட்கள் நிறைய.

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். தலைக்குந்தாவைத் தாண்டியதும் பைன் காடு, சூட்டிங் மேடு என்று வண்டிகள் சாலையோரம் நிற்கும், விடுமுறை நாட்களில் அங்கேயே அரை மணி நேரம் போய்விடும். ஊட்டியை 2.30-க்குள் விட்டால்தான் பைக்காரா அருவியைப் பார்த்துவிட்டு 4 மணிக்குத் துறைக்கு வர முடியும். அருவியும் படகுத்துறையும் வெவ்வேறு இடம், பார்க்கிங்கும் வேறு. அருவியைக் கடைசிக்கு வைத்தால் வெளிச்சம் அங்கேயே செலவாகிவிடும். பஸ்ஸில் வருகிறவர்கள் கூடலூர் பஸ் ஏறி பைக்காராவில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். திரும்பும் பஸ் கூடலூரிலிருந்தே நிரம்பி வரும் என்பதால் கடைசி பஸ்ஸை நம்பி நிற்காதீர்கள்.

வேகப் படகா மோட்டார் படகா என்றால், மாலைக்கு மோட்டார் படகுதான். வேகப் படகு குழந்தைகளுக்குக் குதூகலம், ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். குளிர்காற்று முகத்தில் அறையும், கண்ணைத் திறந்து கரையைப் பார்க்கவே முடியாது. மோட்டார் படகில் ஒரு குடும்பமே உட்காரலாம், நிதானமாக ஒரு சுற்று வரும். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, கவுண்டர் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை ஸ்வெட்டருக்கு மேல் போட்டு எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவைக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். தண்ணீரில் விழுந்தால் தளர்வான ஜாக்கெட் தலைக்கு மேல் கழன்று வந்துவிடும். செல்ஃபிக்காக எழுந்து நிற்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு.

உண்மையில் இந்த இடத்தின் அழகு படகைவிடக் கரையில்தான் அதிகம். கடைசிப் படகு வந்து எஞ்சின் நின்றதும் அலை அடங்கும், நீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிங்கில் தொலைக்கிறார்கள். கேட் சாத்தச் சொல்லும் வரை துறைக்கு அருகில் நில்லுங்கள். செல்போனில் படம் எடுக்கும்போது மரத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்தால் வானம் வெளுத்துவிடும். வானத்தில் பிரகாசமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெளியே குளிர்ந்துபோன மூக்குக் கண்ணாடி, கதகதப்பான காருக்குள் ஏறியதும் சட்டென்று பனிக்கும்.

ஊட்டி ஏரியோடு ஒப்பிட்டால், 1820-களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டிய அந்த ஏரி ஊருக்கு நடுவே கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு கிடக்கிறது. பைக்காரா நீர் தெளிவு. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்கு இது புனித ஆறு, பொட்டலக் காகிதத்தை இதில் எறிய யாருக்கும் மனம் வரக்கூடாது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டிலோடு வாருங்கள். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும்.

இங்கிருந்து மசினகுடி போகிறவர்கள் கவனிக்க: மேப் தலைக்குந்தா வழியாகக் கல்லட்டிச் சாலையைக் காட்டும். அதில் வெளியூர் வண்டிகளை இறங்க விடமாட்டார்கள், கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். அங்கிருந்து மைசூரு என்றால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு அடைபடும். ஊட்டி திரும்புகிறவர்கள் மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாப் பக்கம் உறைபனி விழும். பைக்கில் வந்திருந்தால் கையுறை இல்லாமல் கிளம்பாதீர்கள், பிரேக்கைப் பிடிக்கவே விரல் மடங்காது.