பார்டர் அழகில் மறைந்துபோன ஏமாற்று: மரத்தரை, மரப்படி போடுபவர்கள் கவனத்துக்கு

ஒரு வீட்டுக்குப் பேசி முடித்தது தேக்குத் தரை. சுவரோரம் கரும்பழுப்பு வால்நட் மரத்தில் பார்டர், நடுக்கூடத்தில் வட்டப் பூ வேலைப்பாடு, மாடிக்கு மரப்படி. பாலிஷ் காய்ந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் அசந்துபோனார்கள். ஈரக்காற்று வீசும் பருவம் ஒன்று கடந்தது. பார்டர் மூலைகள் வாய் பிளந்தன, பலகைகள் ஓரம் தூக்கின, படியேறும்போது கால் இடறியது. ஒப்பந்தக்காரரின் பதில்: "மரம்னா சுருங்கும், விரியும், அப்படித்தான் சார்." சுருங்கும், விரியும் என்று தெரிந்தவர் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டாமா?

முதலில் மரத்தின் பெயர். பில்லில் இருந்தது "பிரேசில் தேக்கு". அது குமாரு. நல்ல உறுதியான மரம்தான், ஆனால் தேக்குக்கும் அதற்கும் உறவில்லை. ரப்பர் மரத்தை "மலேசிய ஓக்" என்றும், ஜடோபாவை "பிரேசில் செர்ரி" என்றும் விற்பார்கள். தாவரவியல் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தேக்கு என்றால் டெக்டோனா கிராண்டிஸ். வால்நட் பார்டரும் சாயம் பூசிய வெள்ளை மரம்தான். வெட்டி மிஞ்சிய துண்டை ஒரு இழைப்பு இழைத்தாலே தெரிந்திருக்கும், கறுப்பு தோலோடு சரி.

மூலை ஏன் பிளந்தது? மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, குறுக்குவாக்கில்தான் விரியும். 100 மி.மீ. அகலமுள்ள சாதாரண அறுப்பு ரெட் ஓக் பலகை, மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினால் ஏறத்தாழ 1.5 மி.மீ. அகலும். தேக்கு அதில் பாதி. ஒரு அறையில் எத்தனை பலகை என்று பெருக்கிப் பாருங்கள். இந்தத் தள்ளல் பலகைக்கு இணையாக ஓடும் இரண்டு பார்டர்களைச் சுவர்ப்பக்கம் நகர்த்தும். பலகை முனைகளில் நிற்கும் மற்ற இரண்டும் நகராது. 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்த மூலை வேறு என்னதான் செய்யும்? இங்கே முனைப்பக்கப் பார்டரைப் பலகைகளோடு பசை வைத்தே ஒட்டியிருந்தார்கள், அதனால் சில பலகைகளும் பிளந்தன. நாக்கும் காடியுமாக (ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் நுழையும்படி) கோத்து, பசை இல்லாமல் விட்டிருந்தால் முனைகள் வழுக்கி நகர்ந்திருக்கும்.

சுவரோரம் சுமார் 18 மி.மீ. இடைவெளி வேண்டும், ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) அதை மூடிக்கொள்ளும். பலகையை இறக்கியதும் ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். 3 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள பலகைக்கும் அடியில் உள்ள பிளைவுட்டுக்கும் ஈரப்பத வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கான்கிரீட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது, தனிச் சோதனை உண்டு. இந்த வீட்டில் மீட்டரே வரவில்லை.

ஓரம் தூக்கிய தரையை "உடனே சாண்டிங் போட்டுச் சமன் செய்கிறேன்" என்றார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்! அடியில் ஈரம் இருக்கும்போது ஓரத்தைத் தேய்த்தால், காய்ந்ததும் நடு மேடாகிவிடும். ஈரம் வரும் வழியை அடைத்து, உலரவிட்டு, மீட்டர் பார்த்த பிறகுதான் தேய்க்கவேண்டும். மேல் வெனீர் (மெல்லிய மரத்தகடு) 0.6 மி.மீ. மட்டுமே உள்ள எஞ்சினியர்டு பலகை, அதாவது அடுக்கு மரத்தின்மேல் நல்ல மரத்தகடு ஒட்டிய பலகை என்றால் அதுவும் முடியாது.

படி இடறியதற்குக் காரணம் வெறும் கூட்டல் கழித்தல். எல்லாப் படியும் 170 மி.மீ. உயரத்தில் பொருத்திவிட்டு, பிறகு கீழேயும் மேலேயும் 18 மி.மீ. தரை போட்டார்கள். முதல் படி 152 ஆனது, கடைசிப் படி 188. இடையில் 36 மி.மீ. வித்தியாசம். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி (ஐ.ஆர்.சி.) ஒரு படிவரிசைக்குள் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ.க்கு மேல் விடுவதில்லை. இரண்டு படிகளை மட்டும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது, வித்தியாசத்தை எல்லாப் படிக்கும் பகிரவேண்டும். எனவே முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைவரை அளந்து, படி எண்ணிக்கையால் வகுத்துத் தாளில் எழுதி வாங்குங்கள்.

கைப்பிடியின் அடித்தூணைக் கடைசியாக ஆட்டிப் பாருங்கள். இங்கே தூணின் அடியைச் சுற்றி மறைக்கும் அடிப்பட்டிக்குள் சாய்வாக அடித்த நான்கு ஸ்க்ரூக்கள், மேலே புட்டி. மரச்சட்டத் தளமென்றால் தூண் தரையைத் துளைத்துக் கீழ்ச்சட்டத்தோடு போல்ட்டில் பிடிக்கவேண்டும். கான்கிரீட்டில் எபாக்சிப் பசை வைத்து இறக்கிய மரையிட்ட கம்பி தூணின் நடுவே ஏறவேண்டும். அடிப்பட்டியை ஒட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடவேண்டும். ஒட்டிய பிறகு கேட்டால், "உள்ளே போல்ட் இருக்கு சார்" என்பதுதான் பதிலாக வரும்.